நோய் வழியே வந்த பாடம்

மதுரையை அடுத்த கப்பலூரில் பஞ்சாலை, சிட்கோ தொழிற்பேட்டை, சுங்கச்சாவடி என எதைத் தொட்டாலும் அது சரக்கையும் லாரியையும் சார்ந்தே இருக்கும். 1990-களில் பாலியல் நலம் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் பெருமளவில் பொதுவெளிக்கு வந்ததும் இதுபோன்ற நெடுஞ்சாலையோரங்களில்தான். லாரி ஓட்டுநருக்குச் சொன்ன அதே எய்ட்ஸ் தடுப்புப் பாடம்தான் பிறகு கல்லூரி மாணவருக்கும் போய்ச் சேர்ந்தது. நம் இளைஞர்களின் பாலியல் அறிவு இன்றும் அரைகுறையாக இருப்பதற்கு அந்தப் பாடம் நோய் வழியே பிறந்ததே முக்கியக் காரணம் என்பது என் வாதம்.

பாலியல் நம் பண்பாட்டில் பேசாத பொருள் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் 1920-களின் இறுதியிலேயே கருத்தடையை ஆதரித்து ஒரு சங்கம் இயங்கியது. பெரியார் பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடையை வலியுறுத்தி எழுதினார். 1952-ல் அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் அதன் சின்னமான சிவப்பு முக்கோணத்தை ஊர்ச் சுவர்களில் வரைந்தது. ஆனால் அந்தப் பேச்சு மணமான தம்பதியருக்கானது. மணமாகாத மாணவர் அதன் கணக்கில் இல்லை. 1986-ல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலா செல்லப்பனும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்த பிறகுதான் அரசின் பார்வை இளைஞர் பக்கம் திரும்பியது. ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற சுவரொட்டி ஊரெங்கும் பேச்சானது. கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் அமைந்தன. டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினப் பேரணி, கட்டுரைப் போட்டி, ரத்ததான முகாம் எல்லாம் அவற்றின் வழியே நடந்தன. கிருமி எப்படிப் பரவும் என்று மாணவர் எழுதிப் பரிசு வாங்கினார். மாதவிடாய்க் கோளாறு, கருத்தடை, இருவரின் சம்மதம் ஆகியவை அந்தப் போட்டித் தலைப்புகளுக்கு வெளியே நின்றன.

வெளிப்படையாகப் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்தில், 2007-ல் பல மாநிலங்கள் பள்ளிகளில் வளரிளம்பருவக் கல்வியை நிறுத்தின. அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. பாலியல் கல்வி இளைஞரை உறவுக்கு விரைவுபடுத்துவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-ல் கூறியது. கைபேசியில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்பாரும் உண்டு. அங்கே காட்சிக்குக் குறைவில்லை. கேட்ட சந்தேகத்துக்குப் பொறுப்பேற்றுப் பதில் சொல்ல ஆள் இல்லை. எய்ட்ஸ் பிரசாரம் உயிர்களைக் காத்தது, அதற்கு நாம் பட்ட கடனை மறுக்க முடியாது. ஆனால் பயத்திலிருந்து தொடங்கிய பாடம் பயத்தோடு முடியக் கூடாது. செஞ்சுருள் சங்கம் இருக்கும் கல்லூரியில் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரை முதலாண்டு வகுப்புக்கு அழைத்து, நோயோடு உடலையும் உரிமையையும் சேர்த்துப் பேச வைப்பதே மீதமுள்ள வேலை.