ஐசன்ஹோவரின் 'வானிலை விமானம்'

தலைவர்கள் சொன்ன பொய்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதைகள் ஏராளமா கிடைக்குது. மாட்டிய பிறகு எதிரியே தப்பிக்க வழி காட்டியும், அதில் போகாமல் உண்மையை ஒத்துக்கொண்ட கதை அபூர்வம். 1960 மே மாதத்துச் சம்பவம் அப்படிப்பட்டது.

மே 1ஆம் தேதி பெஷாவரிலிருந்து அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் கிளம்பியது. சோவியத் யூனியனைக் குறுக்கே கடந்து நார்வேயில் இறங்குவது திட்டம். ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. (அதே அமளியில் ரஷ்யர்கள் தங்களுடைய மிக் விமானம் ஒன்றையும் சுட்டுத் தள்ளி, அதை ஓட்டியவர் இறந்துபோனார். அதை அவங்க பல வருஷம் மூடி மறைச்சாங்க. பொய் ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை.)

இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் விமானி பிழைக்கவே மாட்டார் என்று சிஐஏ ஐசன்ஹோவரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தது. அந்த நம்பிக்கையில்தான் கதை கட்டினார்கள். துருக்கியிலிருந்து வானிலை ஆராய்ச்சிக்குப் போன நாசா விமானம், விமானிக்கு ஆக்சிஜன் கோளாறு, வழி தவறியிருக்கலாம் என்று அறிக்கை வந்தது. இன்னொரு யு-2 மேல நாசா பெயரை எழுதி பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினதுதான் உச்சம்!

குருஷேவ் பொறுமையா காத்திருந்தார். மே 5 அன்று விமானத்தை வீழ்த்தினோம் என்று மட்டும் அறிவித்தார். விமானியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அமெரிக்கா கதையை முழுசா சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மே 7 அன்று, விமானி கேரி பவர்ஸ் உயிரோடு எங்ககிட்டதான் இருக்கார் என்றார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு மேலே வந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். யு-2 விமானங்கள் 1956லிருந்தே சோவியத் வானில் பறந்துகொண்டிருந்தன. ரஷ்ய ரேடாருக்கு அது தெரியும், எதிர்ப்புக் கடிதமும் அனுப்பியிருந்தார்கள். தெரியாமல் இருந்தது அமெரிக்க மக்களுக்குத்தான். இந்தப் பொய்யால் ஏமாந்தது எதிரி இல்லை, ஓட்டுப் போட்ட ஜனங்கள்.

அடுத்து இரண்டாவது பொய். விமானம் போனது நிஜம்தான், ஆனால் வாஷிங்டன் அனுமதி தரலை என்றது வெளியுறவுத் துறை. குருஷேவும் அதையே விரும்பினார். 'ஐசன்ஹோவருக்குத் தெரியாமல் நடந்திருக்கும்' என்று பேசி அவருக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்தார். சிஐஏ தலைவர் ஆலன் டல்லஸ் பழியை ஏற்றுப் பதவி விலகவும் தயாரா இருந்தார். தலையாட்டினால் போதும்.

ஐசன்ஹோவர் தலையாட்டவில்லை. மே 11 அன்று பத்திரிகையாளர்கள் முன்னால் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். இது வெறும் நேர்மை என்று நான் நினைக்கலை. 'எனக்குத் தெரியாது' என்றால், சோவியத் எல்லைக்குள் ஜனாதிபதிக்குத் தெரியாமலே விமானம் போகிறது என்று அர்த்தம். அணுகுண்டு வைத்திருக்கும் நாட்டில் அது இன்னும் பயங்கரம். ராணுவத்தில் வளர்ந்தவருக்குக் கீழே இருப்பவர் தலையில் பழியைக் கட்டுவதும் ஒத்துவந்திருக்காது.

விலை பெரிசுதான். மே 16 அன்று பாரிஸ் உச்சிமாநாட்டில் குருஷேவ் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பறப்பதை நிறுத்திவிட்டோம் என்றார் ஐசன்ஹோவர், மன்னிப்புக் கேட்கவில்லை. மாநாடு கலைந்தது. அவருடைய ரஷ்யப் பயணமும் ரத்து. 'உண்மையைச் சொன்னதால்தானே கெட்டுச்சு' என்று வாதாடுபவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படலை. முதல் அறிக்கையிலேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், குருஷேவுக்கு விரிக்க வலையே இருந்திருக்காது. பின்னாளில் ஐசன்ஹோவரே, தன் பதவிக்காலத்தில் ரொம்ப வருத்தப்பட்டது அந்தப் பொய்க்காகத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

பவர்ஸுக்கு மாஸ்கோ நீதிமன்றம் 10 வருஷம் தண்டனை கொடுத்தது. 1962 பிப்ரவரியில் ருடால்ஃப் ஏபெல் என்ற சோவியத் உளவாளிக்கு மாற்றாக பெர்லின் அருகே ஒரு பாலத்தில் விடுவிக்கப்பட்டார். ஊர் திரும்பினவரை, கையில் இருந்த விஷ ஊசியை ஏன் பயன்படுத்தலைன்னு கேட்டாங்க. அதைக் கட்டாயம் பயன்படுத்தணும்னு அவருக்கு உத்தரவே கிடையாது. 1977இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். வீரத்துக்கான வெள்ளி நட்சத்திரப் பதக்கம் 2012இல் அவர் குடும்பத்தார் கைக்கு வந்தது.