இரும்புக் கலப்பையும் எருதின் கழுத்தும்

பொங்கல் வந்துவிட்டால் நம் காலனியில் உழவைப் போற்றாத மேடை இல்லை. வள்ளுவர் உழவுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்று தொடங்கிப் பேச்சாளர் முழங்குவர். நாமும் கைதட்டி மகிழ்ந்து, சர்க்கரைப் பொங்கலுண்டு வீடு திரும்புவோம். ஆயினும், அவ்வுழவன் தோளில் சுமந்த கலப்பையின் எடை என்ன, அதன் கொழு எதனால் ஆயது, அது தேய்ந்தபோது எவரிடம் கொண்டு சென்றான் என்று கேட்போர் அரியர். இவ்வாண்டு மலரில் அக்கேள்விகளையே எடுத்துக்கொள்ள விழைகின்றோம். நம்முள் பலர் வார்ப்படக் கூடங்களிலும் இயந்திர ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். இரும்பின் குணம் அறிந்தவர்கள். ஆதலால் இப்பொருள் நமக்கு அயலன்று. மேலும், நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய நாட்டிலேதான் இவ்வரலாற்றின் சுவைமிக்க பகுதி நிகழ்ந்தது.

நம் ஊர்களில் வழங்கிய நாட்டுக் கலப்பையை முதலில் நினைவுகூர்வோம். கருவேலம் போன்ற வன்மரத்தில் கடைந்தெடுத்த ஒரு கட்டை, அதிலிருந்து நீளும் ஏர்க்கால், பிடிக்க ஒரு மேழி, பூட்ட நுகத்தடி. முழுதும் மரமே. மண்ணைக் கிழிக்கும் நுனியில் மட்டும் ஒரு சாண் அளவில் இரும்புக் கொழு. விடியலில் எருதுகளை முன்னே ஓட்டி, கலப்பையைத் தோளில் சார்த்திக்கொண்டு வயலுக்குச் செல்வோரை நம்மில் மூத்தோர் கண்டிருக்கிறோம். கொழு மழுங்கினால் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கொல்லன் உலைக்கு ஓடுவது சிறுவர் வேலை. துருத்தி ஊதும் வாய்ப்புக் கிடைக்கும் என்பதற்காகவே அப்பணிக்குப் போட்டியிட்டதும் உண்டு. கொல்லனுக்கும் தச்சனுக்கும் அன்றாடக் கூலி இல்லை. அறுப்புக் காலத்தில் களத்துமேட்டிலேயே நெல் அளக்கப்பட்டது. கலப்பை பழுதுற்றால் ஊர் எல்லையைத் தாண்டவேண்டிய தேவையே எழவில்லை. பின்வருவனவற்றுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

ஆங்கிலேயர் இக்கலப்பையைக் கண்டு நகைத்தனர். மண்ணைக் கீறுகிறதேயன்றிப் புரட்டவில்லை என்றனர். அவர்கள் நாட்டுக் கலப்பைக்கு வளைந்த இரும்புப் பலகை ஒன்று உண்டு. கொழு வெட்டிய மண்ணை அது தலைகீழாகப் புரட்டிக் களையைப் புதைக்கும். 1865-ஆம் ஆண்டில், வில்லியம் டெனிசன் சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், சைதாப்பேட்டையில் சோதனைப் பண்ணை ஒன்று தோன்றியது. நீராவிக் கலப்பை உட்படப் பலவகைக் கருவிகள் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தன. அப்பண்ணையை ஒட்டி 1876-இல் வேளாண் பள்ளி எழுந்தது. பின்னர் அது கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. கல்வி வேரூன்றியது, கப்பலில் வந்த கருவிகளோ உழவன் வயலில் வேரூன்றவில்லை. இதற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிது: உழவன் பழமையில் ஊறியவன், புதுமையை ஏற்கமாட்டான் என்பதே அது.

நாம் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓர் எருது நாள் முழுதும் தளராமல் இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. முந்நூறு கிலோ எடையுள்ள எருதுகள் இரண்டைப் பூட்டினால் அறுபது கிலோ அளவிலேயே இழுவிசை கிட்டும். அதுவும் நன்கு தீனி தின்ற எருதுக்கு. கோடை முடிந்து முதல் மழை பெய்யும்போது நம் நாட்டு எருது எலும்பு தெரிய நிற்கும்; உழவு தொடங்குவதும் அப்போதுதான். பருத்த குதிரைகள் இழுப்பதற்காக வகுத்த கலப்பையை அதன் கழுத்தில் பூட்டினால் என்ன ஆகும்? எருது படுத்துவிடும். அறியாமை என்று ஏடுகளில் எழுதப்பட்டது, உண்மையில் எருதின் கழுத்தை நாள்தோறும் தடவிப் பார்த்தவனின் கணக்கு.

இதை உணர்ந்த ஆங்கிலேயரும் இருந்தனர். இந்திய வேளாண்மையை ஆராய 1889-இல் அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், நாடெங்கும் சுற்றியபின் 1893-இல் வெளியான தம் அறிக்கையில், நாட்டுக் கருவிகள் இந்நாட்டுச் சூழலுக்குப் பெரிதும் பொருந்தியவை என்றே கருதினார். எருதின் வலிமை, கருவியின் விலை, ஊரிலேயே செப்பனிடும் வசதி ஆகியவற்றை விட்டுவிட்டு அவற்றைக் குறைகூற அவர் மனம் ஒப்பவில்லை.

இனி, நாம் வாழும் தக்காணத்துக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். நம் கோவில்பட்டிச் சீமையின் கரிசலை ஒத்த கருமண் இங்கும் உண்டு. காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. ஆழ வேரோடும் அறுகை அகற்ற வேண்டுமாயின் ஆழ உழுதே தீரவேண்டும். இதற்கென மராட்டிய உழவர் கையாண்டது ‘நாங்கர்’ என்னும் பெருங்கலப்பை. (நம் ‘நாஞ்சில்’ என்ற சொல்லும் இச்சொல்லும் உறவுடையன என்பர் சொல்லாராய்ச்சியாளர், அண்டை வீட்டு மராட்டிய நண்பரிடம் இதைச் சொல்லி மகிழலாம்.) பருத்த மரத்தால் ஆன இந்த நாங்கரை இழுக்க எட்டு எருதுகள், சில இடங்களில் பன்னிரண்டு எருதுகள் வேண்டியிருந்தன. இரண்டு எருது மட்டுமே உடையவன் ஆழ உழவே இயலாது. அண்டை அயலாரோடு கூட்டுச் சேர்ந்து முறை வைத்துக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் வேளையில் ஈரம் போய்விடும்.

ஆகவே, சைதாப்பேட்டையில் பெருஞ்சுமையாய்த் தோன்றிய இரும்புக் கலப்பை, இங்கே சுமையைக் குறைக்க வல்லதாயிற்று. இரும்பை மெல்லியதாகவும் வழவழப்பாகவும் வார்க்கலாம். பருத்த மரத்தைப்போல் அது மண்ணோடு மல்லுக்கட்டுவதில்லை.

இவ்வாய்ப்பைக் கண்டவர் இலட்சுமணராவ் கிர்லோஸ்கர். 1869-இல் பிறந்த இவர், ஓவியராக விரும்பிப் பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். நிறங்களைப் பிரித்தறிவதில் கண்ணுக்குக் குறையிருந்தமையால் வண்ணத்தைக் கைவிட்டு இயந்திர வரைபடத்தைக் கற்றார். விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்விக் கூடத்தில் அதனையே கற்பித்தார். உரிய பதவி உயர்வு மறுக்கப்படவே வேலையை உதறிவிட்டு, தமையனாருடன் பெல்காமில் மிதிவண்டிக் கடை நடத்தினார். பின்னர்த் தீவனம் நறுக்கும் கருவி செய்தார். 1903-இல் இரும்புக் கலப்பை. அதற்கு வாங்குவோர் கிடைக்க ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஆயின. இரும்பு பட்டால் மண் நஞ்சாகிவிடும் என்று உழவர் அஞ்சினராம்.

இச்செய்தியைக் கூறுவோர் பெரும்பாலும் இங்கே சிரித்துவிட்டு மேலே செல்வர். நாம் சற்று நிற்போம். இதே அச்சத்தை அமெரிக்க உழவரும் கொண்டிருந்தனர். சார்லஸ் நியூபோல்டு என்பார் 1797-இல் வார்ப்பிரும்புக் கலப்பைக்கு உரிமம் பெற்றார். இரும்பு மண்ணை நஞ்சாக்கும், களையைப் பெருக்கும் என்று அந்நாட்டவரும் அதை ஒதுக்கினர். எனவே, இது கீழ்நாட்டு மூடத்தனம் அன்று. நியூபோல்டின் கலப்பை முழுதும் ஒரே வார்ப்பு. கொழுவின் நுனி ஒரு கல்லில் மோதி உடைந்தால், உடைந்த நுனிக்காகக் கலப்பை முழுவதையும் எறியவேண்டும். எந்த உழவன் இதற்கு உடன்படுவான்? 1819-இல் ஜெத்ரோ வுட் என்பார், கொழுவையும் வளைபலகையையும் தனித்தனியே வார்த்து, தேய்ந்ததை மட்டும் மாற்றத்தக்கவாறு வகுத்தார். அவ்வகைக் கலப்பை பரவிய காலத்தில் நஞ்சைப் பற்றிய பேச்சும் மெல்ல மறைந்தது. செப்பனிட முடியாத கருவியிடம் ஏழைக்குள்ள அச்சமே நஞ்சு என்ற பெயர் பூண்டு உலவியது எனக் கருத இடமுண்டு. இது நம் கருத்தே, மறுப்போர் மறுக்கலாம்.

கொழுவுக்கு எளிதில் தேயாத் தன்மையும் வேண்டும். தேயாமை வேண்டுமெனப் பருமனாக்கினால் எடை ஏறும். எடைக்கு அஞ்சி மெலிதாக்கினால் விரைவில் தேயும். இம்முடிச்சை அவிழ்த்தவர் இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்து ராபர்ட் ரான்சம். உருகிய இரும்பு தற்செயலாகக் குளிர்ந்த உலோகத்தின்மேல் பட, பட்ட பக்கம் மட்டும் கண்ணாடிபோல் கடினமானதை அவர் கண்டார் என்பர். 1803-இல் அதற்கு உரிமம் பெற்றார். முறை இதுதான்: கொழுவை வார்க்கும் மணல் அச்சில், அடிப்பக்கம் வரும் இடத்தில் மட்டும் ஒரு குளிர்ந்த இரும்புத் துண்டை வைத்துவிடுவது. நம் வார்ப்படத் தோழர்கள் ‘சில்’ என்று வழங்குவது இதனையே. உருகிய இரும்பு அதன்மேல் பாய்ந்து சட்டென்று இறுகும். அடிப்பக்கம் வெண்மையான கடின இரும்பாகும். மேற்பக்கம் மணலில் மெல்ல ஆறி மென்மையாய் நிற்கும். உழும்போது மென்மையான மேற்பக்கம் முன்னே தேய்கிறது. கடினமான அடிப்பக்கம் மெல்லிய விளிம்பாய் எஞ்சி நிற்கிறது. தேயத் தேயக் கொழு தன்னைத் தானே தீட்டிக்கொள்கிறது! ஒரு சல்லி எடை கூட்டாமல் உழைப்பைக் கூட்டிய இவ்வுபாயத்தை எண்ணும்போதெல்லாம் நமக்கு வியப்பே மேலிடுகிறது.

ஆயினும் குறை இல்லாமல் இல்லை. கடின வார்ப்பு கல்லில் மோதினால் நொறுங்கும். ஊர்க் கொல்லனும் அதை உலையிலிட்டு அடித்துச் செப்பனிட இயலாது; புதுக் கொழுவை ஆலையிலிருந்தே வாங்கவேண்டும். பசைமண் ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு. அமெரிக்கச் சமவெளியின் ஒட்டுமண்ணுக்கு ஜான் டீர் 1837-இல் மெருகேற்றிய எஃகுப் பலகையைக் கையாண்டதும் இத்தொல்லைக்கு அஞ்சியே. ஆக, எம்மண்ணுக்கும் ஏற்ற ஒரே கொழு என்று ஒன்றில்லை.

கிர்லோஸ்கரின் கதைக்கு மீள்வோம். நகர விரிவாக்கத்துக்காகப் பட்டறையைக் காலிசெய்ய நேர்ந்தபோது, ஔந்து அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி குண்டல் நிலையத்தருகே நிலமும் கடனும் தந்து உதவினார். 1910-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கள்ளியும் பாம்பும் நிறைந்த அப்பொட்டலில் கிர்லோஸ்கர்வாடி எழுந்தது. கலப்பைக்கு வேண்டிய மாற்றுக் கொழுக்கள் உள்நாட்டிலேயே, உழவன் சென்று சேரத்தக்க தொலைவிலேயே வார்க்கப்பட்டன என்பதைப் பெரிதும் மதிக்கிறோம். எட்டு எருது வேண்டிய இடத்தில் குறைந்த எருது போதும் என்பதைக் கண்ணால் கண்டபின், நஞ்சென்று அஞ்சியவரே வாங்க வந்தனர்.

வடக்கே சிக்கல் வேறு. கங்கைச் சமவெளியின் எருது சிறியது; மண் மெல்லியது. அங்கே 1912 முதல் 1918 வரை துணை ஆளுநராயிருந்த ஜேம்ஸ் மெஸ்டனின் பெயரைத் தாங்கிய சிறு கலப்பை வழக்கில் வந்தது. 1910-இல் சாம் ஹிக்கின்பாட்டம் நிறுவிய அலகாபாத் வேளாண் கல்விக்கூடத்துக்கு 1921-இல் வந்த மேசன் வா என்னும் பொறியாளர், அப்பணியைத் தம் வாழ்நாட் பணியாகவே மேற்கொண்டார். அவர் வகுத்த கலப்பைகளின் பெயர்களே நம்மைக் கவர்கின்றன: ஒன்று ‘வாஹ் வாஹ்’, மற்றொன்று ‘ஷாபாஷ்’. சந்தையில் நின்று பார்க்கும் உழவன் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லையே கருவிக்குப் பெயராக்கிவிட்ட குறும்பு அது! இத்தகைய சீர்திருந்திய கலப்பைகள் பலவற்றில் மர ஏர்க்கால் அப்படியே நின்றது. மண்ணில் புகும் உறுப்பு மட்டுமே இரும்பாயிற்று. எடையும் குறைந்தது, தச்சனுக்கும் வேலை இருந்தது. கொழுவைக் கம்பி வடிவில் நீளமாகச் செய்து, நுனி தேயுந்தோறும் முன்னே தள்ளி முடுக்கிக்கொள்ளும் வகையும் வழக்கில் வந்தது. இதற்குக் கொல்லனே போதும். நாட்டுக் கலப்பையின் அறிவு இரும்புக் கலப்பைக்குள் புகுந்த இடம் இதுவே.

இலட்சுமணராவ் 1956-இல் மறைந்தார். கிர்லோஸ்கர்வாடி ஆலை இன்று பெரிதும் நீரேற்றும் பம்புகளுக்கே பெயர்பெற்றது. எருது பூட்டிய ஏர் அருகிவிட்டது. சென்ற முறை நம் சங்கத்தார் சிலர் கோலாப்பூர் சென்றபோது, வழியில் ஒரு சிற்றூர்க் கடையில் டிராக்டர் கலப்பைக்கான கொழுக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். ஒவ்வொன்றிலும் மரை ஆணிக்கு இரண்டு துளைகள். தேய்ந்த பழைய கொழுவைக் கையில் பிடித்தபடி ஓர் உழவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். புதியதை எடுத்து நுனியை விரலால் தடவினார்; கையில் ஏந்தி எடை பார்த்தார்; கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.