முதல் சில வாரங்கள்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் தொடக்கமும் இடைநிற்றலும்

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரியில் இடம் கிடைப்பது பெரிய காரியமில்லை. பள்ளிப் படிப்பை முடித்த எவரும் சேரலாம். கட்-ஆஃப் மதிப்பெண் கிடையாது, நேர்காணல் கிடையாது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் நீட்சியாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1947இல் வெளிவந்த ட்ரூமன் ஆணைய அறிக்கைக்குப் பிறகு வேகமாகப் பரவி, இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகளாக நிற்கிறது. ஆனால் முதன்முறையாக, அதுவும் முழுநேரமாகச் சேருகிறவர்களிலேயே பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் மறு ஆண்டு அதே கல்லூரிக்குத் திரும்புவதில்லை. பகுதிநேர மாணவர்களிடையே இழப்பு இன்னும் அதிகம்.

(இப்பெயர் நமக்குப் புதிதன்று. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும் அடுத்த ஆண்டு சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் சமுதாயக் கல்லூரிகளைத் தொடங்கின. ஆனால் இங்கே நிலைத்தது பெரும்பாலும் குறுகிய காலத் தொழிற்பயிற்சி. அங்கே அது இரண்டாண்டுப் பட்டத்துக்கும், அதன்வழி பல்கலைக்கழகத்துக்கும் போகும் பாதை.)

மாணவர்கள் பாதியில் போவதற்கு அவர்களின் ஆர்வக் குறைவையும் பள்ளிக் கல்வியின் பலவீனத்தையும் காரணம் காட்டுவது நெடுநாள் வழக்கம். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கல்லூரியின் பங்கு அதில் மறைந்துபோகிறது. ஆலோசகர், பயிற்சி மையம், அவசர நிதி என எல்லாம் கல்லூரியில் இருக்கின்றன, கேட்டால் கிடைக்கும். எதை, எங்கே, யாரிடம் கேட்பது என்று தெரிந்த மாணவருக்கு உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிறவர் கேட்பதில்லை. எனவே தொடக்க உதவி விருப்பத்துக்கு விடப்படாமல், மாணவர் எப்படியும் வந்து சேரும் இடத்தில், அதாவது வகுப்பறையில், வைக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆகஸ்ட் மாதத்தில் புதிய மாணவர் கடக்க வேண்டியவற்றைப் பார்த்தாலே சிக்கல் புலப்படும். மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தில் குடும்ப வருமானக் கணக்கைக் காட்ட வேண்டும். சரிபார்ப்புக்கு அவர் பெயர் தேர்வானால் மேலும் சில ஆவணங்கள். பிறகு ஆலோசகர் அறை வாசலில் காத்திருப்பு. பாடப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பாடங்கள். எது எந்தப் பட்டத்துக்குக் கணக்கில் வரும், எதைப் பின்னால் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பது எளிதில் பிடிபடாது. வகுப்பு தொடங்கிவிடும், உதவித்தொகை கைக்கு வந்திருக்காது, பாடநூல் வாங்கியிருக்க முடியாது. முதன்முறை மத்திய அரசுக் கடன் வாங்கும் முதலாண்டு மாணவருக்குச் சில கல்லூரிகளில் வகுப்பு தொடங்கி 30 நாள் கழிந்த பின்பே பணம் வரும், விதியே அப்படி. வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்றால், இவற்றில் எது வழக்கமான தாமதம், எது தன் பிழை என்று சொல்லக்கூட ஆளிருக்காது.

இந்த வரிசையில் நிலைத்தேர்வு என்று ஒன்று உண்டு. ஒரு பிற்பகல் கணினி முன் உட்கார்ந்து எழுதும் தேர்வு. கணக்கிலோ ஆங்கிலத்திலோ மதிப்பெண் குறைந்தால், பட்டத்துக்குக் கணக்கில் வராத அடிப்படை வகுப்புகளுக்கு அனுப்பிவிடுவார்கள். தாமஸ் பெய்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, கணக்கில் இப்படி அனுப்பப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அந்த வகுப்புகளைக் கடந்தார்கள். தோற்றோ நடுவில் விலகியோ போனவர்களைவிட, முதல் வகுப்பிலோ அடுத்ததிலோ சேராமலே நின்றுபோனவர்கள் அதிகம் என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. பின்னர் ஜூடித் ஸ்காட்-கிளேட்டன் குழு, கணக்கில் நால்வரில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூவரில் ஒருவரும் பெரிய அளவில் தவறான நிலையில் வைக்கப்படுவதாகக் கணித்தது. டென்னசி மாநிலம் 2015இல் அடிப்படைப் பயிற்சியை முதலாண்டுப் பாடத்தோடே சேர்த்து நடத்தத் தொடங்கியது. கலிபோர்னியா 2017இல் சட்டமியற்றி, பள்ளி மதிப்பெண்ணை வைத்து மாணவரை நேரடியாகக் கல்லூரிப் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. இரண்டுமே மாணவரைத் திருத்தும் முயற்சிகள் அல்ல, வாசலைத் திருத்தியவை.

இடைநிற்றல் பற்றிய கோட்பாடு வகுப்பறைக்கு வந்துசேரச் சற்றுக் காலம் பிடித்தது. கல்வி ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975இல் முன்வைத்த புகழ்பெற்ற மாதிரி, கல்லூரியின் கல்வி வாழ்விலும் சமூக வாழ்விலும் ஒன்றிப்போகாதவர் விலகுவார் என்றது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு அது பொருந்தும். வகுப்பு முடிந்த கையோடு வேலைக்கு ஓடுகிறவருக்கு ஏது கல்லூரிச் சமூக வாழ்வு? 1985இல் ஆய்வாளர்கள் பீனும் மெட்ஸ்னரும் இக்குறையைச் சுட்டி, வேலை, குடும்பம், பணம் ஆகிய வெளிக் காரணிகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். டின்டோவே பின்னர் சியாட்டில் சென்ட்ரல் சமுதாயக் கல்லூரியை ஆராய்ந்து 1997இல் எழுதிய கட்டுரையில் வகுப்பறையை மையத்துக்குக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வந்துபோகும் மாணவருக்குக் கல்லூரி என்பதே வகுப்பறைதான். நட்பும் படிப்பும் அங்கே சேர்ந்து நடந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

செயல்முறைச் சான்றுகளில் முதலில் சொல்ல வேண்டியது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டம். மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். பதிலுக்கு, நிதியுதவி போக மீதிக் கட்டணம் தள்ளுபடி, இலவசப் பாடநூல், மாதந்தோறும் மெட்ரோ பயண அட்டை. ஓர் ஆலோசகருக்கு அப்போது 60 முதல் 80 மாணவர்கள். மற்ற மாணவர்களுக்கு அதே கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்கு 600க்கும் மேல். எம்டிஆர்சி ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துத் தொடர்ந்தது. மூன்றாண்டு முடிவில் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22 விழுக்காடு. உயர்கல்விச் சீர்திருத்தங்களில் இவ்வளவு பெரிய வேறுபாடு அபூர்வம். ஒரு மாணவருக்கு மூன்றாண்டில் ஏறத்தாழ 16,300 டாலர் கூடுதல் செலவு என்றாலும், கிடைத்த ஒவ்வொரு பட்டத்துக்கும் ஆன செலவு குறைந்தது. பின்னர் ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றின. அங்கும் பட்டம் பெற்றவர்கள் திட்டத்தில் 35 விழுக்காடு, வெளியே 19 விழுக்காடு.

பயண அட்டையை ஆலோசகரே கையில் கொடுத்ததைக் கவனிக்க வேண்டும். அட்டை வாங்க வந்தவர் ஆலோசகரைப் பார்க்காமல் போக முடியாது. கட்டாயம், ஆனால் உறுத்தாத கட்டாயம்.

இதற்கு நேர்மாறான பாடம் குறுஞ்செய்திகளில் கிடைக்கிறது. நிதியுதவி விண்ணப்பத்தை இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்க நினைவூட்டிச் செய்தி அனுப்பியதில், சமுதாயக் கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து படிக்கும் அளவு கணிசமாகக் கூடியதாக ஆய்வாளர்கள் காசில்மனும் பேஜும் கண்டார்கள். செலவும் சொற்பம், பலரும் இதுதான் மருந்து என்று நினைத்தார்கள். ஆனால் அதே உத்தியை 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் விரிவாக்கிய ஆய்வு 2021இல் வெளிவந்தபோது, பலன் எதுவுமில்லை. முதல் முயற்சியில் செய்தி அனுப்பியது மாணவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஓர் உள்ளூர் அமைப்பு. பதில் எழுதினால் மறுமுனையில் ஆள் உண்டு. வேறுபாட்டுக்கு இதுவே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

ஆள் என்றால் யார்? மேற்கு டெக்சாஸின் எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒடெசா கல்லூரி இதற்கு எளிய விடை கண்டது. எண்ணெய் விலை ஏறினால் இளைஞர்கள் லாரி ஓட்டப் போய்விடும் ஊர் அது. எந்தப் பிரிவினர் வகுப்பை விட்டு விலகுகிறார்கள் என்று தரவுகளைத் துழாவியபோது தெளிவான விடை கிடைக்கவில்லை. சில ஆசிரியர்களின் வகுப்பிலிருந்து மட்டும் யாரும் அதிகம் போகவில்லை என்பது தெரிந்தது. கணக்கு, வரலாறு, வெல்டிங் என்று பாட வேறுபாடில்லாமல் அவர்களிடம் பொதுவாக இருந்தவை நான்கு பழக்கங்கள்: மாணவரின் பெயரைச் சீக்கிரமே அறிந்து பெயர் சொல்லி அழைப்பது, வராதவரையும் தடுமாறுபவரையும் உடனே விசாரிப்பது, பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரையும் தனியே சந்திப்பது, விதிகளைத் தெளிவாக வைத்து நியாயமான இடத்தில் விட்டுக்கொடுப்பது. 2011இலிருந்து கல்லூரி இவற்றை எல்லா ஆசிரியர்களிடமும் கேட்டது. வகுப்பிலிருந்து விலகுவோர் அளவு பாதிக்கு மேல் குறைந்தது. இது ஏசாப் போலக் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டதன்று. அந்த அளவுக்கு நிறுவப்பட்டதாகக் கொள்ளவும் கூடாது. ஆனால் பகுதிநேர மாணவரையும் எட்டிப் பிடிக்கும் இடத்தில் இது நிற்கிறது.

வயது வந்தவர்களைக் கட்டாயப்படுத்துவது அவர்களின் தெரிவைப் பறிப்பதாகாதா என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் தெரிவு செய்யத் தேவையான தகவலே கிடைக்காத நிலையில் விட்டுவிடுவதைச் சுதந்திரம் என்பது பொருந்தாது. ஆர்லாண்டோவின் வலென்சியா கல்லூரி, ஒரு வகுப்பு முதல்முறை கூடிய பிறகு அதில் யாரையும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, தாமதமாக வருவோருக்குச் சில வாரம் கழித்துத் தொடங்கும் வகுப்புகளை வைத்தது. கதவு மூடப்படவில்லை, நேரம்தான் மாற்றப்பட்டது.

வலுவான எதிர்வாதம் வேறொன்று. ஏசாப் முழுநேர மாணவருக்கானது. சமுதாயக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பகுதிநேரத்தினர். அவர்களை வகுப்பறை வழியாகத்தான் எட்ட முடியும் என்றால் பாரம் ஆசிரியர் மேல் விழுகிறது. அந்த ஆசிரியர்களிலும் பெரும்பான்மையோர் பகுதிநேரத்தினர்தாம்: பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி, பெரும்பாலும் தனி அறை கிடையாது, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரோட்டம். முப்பது மாணவரைத் தனித்தனியே பதினைந்து நிமிடம் சந்தித்தால் ஏழரை மணி நேரம் ஆகிறது. ஒப்பந்தத்தில் அந்நேரத்துக்கு ஊதியம் எழுதப்படுவது அரிது. ஓர் ஆலோசகருக்கு 80 மாணவர் என்ற உச்சவரம்புக்குப் பணம் ஒதுக்க முன்வரும் மாநிலங்கள், ஆசிரியரின் அந்த ஏழரை மணி நேரத்துக்கும் பாட ஊதியத்திலேயே இடம் வைக்க வேண்டும்.