கணக்கும் நடுவரும்: மாய உலக விளையாட்டுகளில் போர், எழுத்து, பாத்திரம்

1

மாய உலகங்களில் பாத்திரமேற்று ஆடுகிற வீடியோ கேம்களைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு பஞ்சாயத்தில்தான் போய் நிற்கிறது. ஒரு தரப்புக்குச் சண்டைமுறைதான் விளையாட்டு. மற்றதெல்லாம் இரண்டு சண்டைகளுக்கு நடுவில் தள்ளிவிட வேண்டிய வாய்ப்பேச்சு. இன்னொரு தரப்புக்கு எழுத்துதான் விளையாட்டு. கதைமாந்தர், உரையாடல், எடுத்த முடிவின் பின்விளைவு இவைதான் பொருட்டு. சண்டை வாசிப்புக்கு இடையூறு. மூன்றாவது தரப்பு இரண்டு பேரையும் சட்டை செய்வதில்லை. அவர்களுக்கு 'பில்ட்'தான் முக்கியம். கையில் தரப்பட்ட புள்ளிகளைப் பலத்துக்கு இவ்வளவு, அறிவுக்கு இவ்வளவு, வசீகரத்துக்கு இவ்வளவு என்று பங்கிட்டு, ஆயுதமும் மந்திரமும் திறமையும் அடுக்கி, ஓர் ஆளைக் கட்டி எழுப்புவது. ஆள் கட்டி முடிந்ததும் ஆட்டமே முடிந்த மாதிரி அவர்களுக்கு.

மூன்றையும் தனித்தனிச் சரக்காக வைத்து எடைபோடுவதுதான் இந்த விவாதத்தின் கோளாறு. இவை மூன்றும் ஒரு பழைய வழக்கின் மிச்சங்கள். அந்த வழக்கு இதுதான்: ஒருவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கணக்கு தீர்மானிக்க வேண்டுமா, நடுவர் தீர்மானிக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு வயது இருநூறு. பிறந்த இடம் பிரஷ்ய ராணுவம்.

2

1812இல் ஜார்ஜ் லியோபோல்ட் ஃபான் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர், போரை மேசைமேல் ஆடிக் காட்டும் ஓர் ஏற்பாட்டை மன்னருக்குச் செய்து கொடுத்தார். ராணுவ அதிகாரியான அவருடைய மகன் அதை விரித்து, 1824இல் விதிநூலாக வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல், அதாவது போர் விளையாட்டு. வரைபடம், படைக்கட்டைகள், பகடை, இழப்புப் பட்டியல், நடுவில் ஒரு நடுவர். சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்பதைப் பகடையும் பட்டியலும் சொல்லும். நடுவர் பட்டியலைப் பார்த்து அறிவிக்கிறவர், அவ்வளவுதான்.

காலம் போகப்போக அதிகாரிகளுக்குச் சலிப்பு தட்டியது. போர்க்களத்தைப் பார்த்தவனுக்குப் பட்டியல் எதற்கு? 1876இல் வெர்டி டு வெர்னுவா, பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று வாதாடினார். ஒரு பக்கம் கறாரான ஆட்டம், இன்னொரு பக்கம் கட்டற்ற ஆட்டம். கணக்கு மெதுவானது, ஆனால் யார் முகத்தையும் பார்க்காது. நடுவர் வேகமானவர், நுட்பமானவர், ஆனால் அவருக்கும் ஒரு பதவி உண்டு, விருப்பு வெறுப்பு உண்டு. கனிஷ்ட அதிகாரி ஒருவர் கெட்டிக்காரத்தனமாக ஒரு நகர்வு செய்கிறார். பட்டியல் அதை ஒத்துக்கொள்ளும். ஜெனரல் ஒத்துக்கொள்வாரா?

இந்த வழக்கு அமெரிக்காவுக்குப் போனது. 1880இல் சார்ல்ஸ் டாட்டன் எழுதிய 'ஸ்ட்ராடகோஸ்' என்ற ராணுவ விளையாட்டு நூல், ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், நடுவர் தீர்ப்புச் சொல்வார் என்று இடம் கொடுத்தது. ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழித்து மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி அந்த நூலை எடுத்துக்கொண்டார். 1969இல் அவர் நடத்திய ஆட்டத்தின் களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மானிய ஊர், நெப்போலியன் காலம். படைத்தலைவர்களோடு நிற்காமல் ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்றெல்லாம் வேடங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். ஆடியவர்கள் போரை மறந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு மூலையில் ரகசிய பேரம், சதி, வாக்குவாதம். ஆட்டம் கெட்டுப்போனது என்று நினைத்தார் வெஸ்லி. வந்தவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

இந்த இடம் கவனிக்கத்தக்கது. எழுத்துத் தரப்பு இன்று கொண்டாடுகிற எல்லாமே, உரையாடல், சொந்த நோக்கம், சூழ்ச்சி, முளைத்தது போர் விளையாட்டு தடம்புரண்ட இடத்தில். கணக்கில் எழுதப்படாத ஒன்று மேசையைச் சுற்றி வாயால் நடந்தது. நடுவர் இருந்ததால் அது நடக்க முடிந்தது.

3

அந்த ஆட்டங்களில் இருந்தவர் டேவ் ஆர்னெசன். அவர் அதை மந்திரமும் நிலவறையும் நிறைந்த பிளாக்மூர் என்ற உலகமாக மாற்றினார். விஸ்கான்சினில் இருந்த கேரி கைகாக்ஸ், 1971இல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து இடைக்காலப் போர் விளையாட்டு ஒன்றை வெளியிட்டு, அதன் பின்னிணைப்பாக மந்திரவாதிகளையும் டிராகன்களையும் சேர்த்திருந்தார். இரண்டு பேரும் கூடியதில் 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக வந்தது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. முதல் அச்சு 1000 பிரதிகள்.

அதில் மனிதன் எப்படி எழுதப்படுகிறான்? மூன்று பகடைகளை உருட்டி ஆறு எண்கள்: பலம், அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், வசீகரம். ஒவ்வொன்றும் 3 முதல் 18 வரை. படைப்பிரிவின் இழப்புக் கணக்கு ஒற்றை உடலின் உயிர்ப்புள்ளியாகச் சுருங்கியது. கொன்ற அரக்கனுக்கும் கொண்டுவந்த பொன்னுக்கும் அனுபவப் புள்ளி. அனுபவம் என்ற சொல்லைப் பாருங்கள்! பொன்னின் எடை அளவுக்கு ஒருவன் அனுபவசாலி ஆகிறான். பேச்சு, தந்திரம், நட்பு எல்லாம் நடுவரின் பொறுப்பில் இருந்தன.

இந்த ஏற்பாடு ஓர் அப்பாவியான ஏற்பாடு இல்லை. 1974 விதிகளில் குள்ளன் போர்வீரனாக ஆறாம் படிக்கு மேல் ஏற முடியாது. பிறப்பு அப்படி. 1978இல் வந்த விரிந்த விதிநூலில் மனிதப் பெண்ணின் பலத்துக்கான உச்சவரம்பு ஆணுடையதைவிடக் கீழே வைக்கப்பட்டது. டிராகன் பறக்கலாம், செத்தவன் எழுந்து வரலாம், பெண் மட்டும் ஆண் அளவுக்குப் பலசாலியாக இருந்துவிடக் கூடாது. அந்த வரம்பு 1989 பதிப்பில் நீங்கியது. பிறப்பை வைத்துப் படியேற்றத்தைத் தடுக்கும் விதி 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் போனது. பிறப்பின் பேரில் எண்களைக் கூட்டிக் குறைக்கும் வழக்கத்தைத் தளர்த்த 2020 வரை ஆனது. பிறப்பைக் கொண்டு ஒருவனுக்கு வரம்பு கட்டுவது என்றால் என்ன என்பதை நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே கணக்கு கொடியது, நடுவர் நல்லவர் என்று முடித்துவிடலாமா? கூடாது. மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் வாய்ச்சவடால்காரர்கள். ஐந்தாமவர் கூச்ச சுபாவி, பேச ஆரம்பித்தால் நாக்கு குழறும். அவர் ஏற்றிருக்கும் பாத்திரமோ மன்னர்களையே மயக்கும் பேச்சாளி. நடுவர் தீர்ப்புப்படி போனால் மன்னன் மயங்கப் போவதில்லை. உரக்கப் பேசுகிறவனுக்கே வெற்றி. பாத்திரத்தின் தாளில் எழுதியிருக்கும் வசீகரம் 17 என்ற எண்தான் அந்தக் கூச்சக்காரருக்குப் பேசும் உரிமையைத் தருகிறது. எண் பெண்ணின் கையைக் கட்டியது; அதே எண் திக்குவாய்க்குக் குரலும் ஆனது. ஆக, எண்ணா பேச்சா என்பது பிரச்சினை இல்லை. பட்டியலை எழுதியது யார், அதன்மேல் முறையீடு செய்ய இடம் உண்டா என்பதுதான் பிரச்சினை.

4

கம்ப்யூட்டர் வந்தபோது நடுவர் செத்துப்போனார். இதைவிடச் சுருக்கமாக அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1975 வாக்கில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையில் மாணவர்கள் நிலவறை ஆட்டங்களை எழுதினார்கள். பாடக் கோப்பு போன்ற பெயரில் ஒளித்துவைக்கப்பட்ட ஒன்றை நிர்வாகிகள் அழித்தார்கள். 1981இல் கார்னெல் மாணவர்கள் இருவர் எழுதிய 'விஸார்ட்ரி' கடைக்கு வந்தது. ஆறு பேர் கொண்ட குழு, நிலவறை, சண்டை. மேசையில் இருந்தவற்றில் இயந்திரத்துக்கு ஏறியது கணக்கு மட்டும். பேரமும் கெஞ்சலும் பொய்யும் வாசலிலேயே நின்றுவிட்டன. சண்டைத் தரப்பு இதைத்தான் இந்த வகையின் சாரம் என்கிறது. சாரம் என்று சொல்வதைவிட, எண்ணாக மாற்றுவதற்கு எளிதாக இருந்த பகுதி என்பதே சரி.

வெளியே நின்றதை உள்ளே கொண்டுவர 1985இல் ரிச்சர்ட் கேரியட் முயன்றார். 'அல்டிமா' வரிசையின் நான்காவது ஆட்டம். தலைப்பிலேயே அவதாரம் என்ற நம்மூர்ச் சொல் இருக்கிறது. கொல்ல வேண்டிய கடைசி வில்லன் கிடையாது. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம் என்று எட்டு அறங்களில் தேறி அவதாரம் ஆக வேண்டும். தொடக்கத்தில் பகடை உருட்டுவதில்லை. ஒரு குறிகாரி தர்மசங்கடமான கேள்விகளைக் கேட்கிறாள். பதில்களிலிருந்து ஆள் உருவாகிறான். பெரிய பாய்ச்சல்தான். ஆனால் அறத்தை இயந்திரம் எப்படி அறியும்? மறைவான எண்ணிகளால். பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால் இரக்கம் ஏறும். பார்வையில்லாத கடைக்காரியிடம் குறைத்துக் கொடுத்தால் நேர்மை இறங்கும். ஆடுகிறவன் இதைப் புரிந்துகொண்ட நொடியில் இரக்கம் ஒரு சேமிப்புக் கணக்கு ஆகிவிடுகிறது. அறத்தைச் சேர்த்ததும் கணக்குதான், அறத்தைத் தின்றதும் கணக்குதான்.

இங்கிருந்துதான் எழுத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீடியோ கேமில் எழுத்து என்பது இல்லாத நடுவர் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போன தீர்ப்புகளின் தொகுப்பு. நீ என்ன கேட்பாய் என்று அவர் ஊகித்தவற்றுக்கு மட்டும் பதில் உண்டு. பில்ட் என்பது அந்தத் தீர்ப்புகளில் எவை நமக்குத் திறக்கும் என்பதற்கான சாவிக்கொத்து.

5

1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' இதைத் தெளிவாகக் காட்டியது. கிறிஸ் அவலோன் தலைமையில் எழுதப்பட்ட ஆட்டம். நாயகனுக்குப் பெயர் கிடையாது, சாவும் கிடையாது. செத்தால் நினைவிழந்து எழுகிறான். தான் யார் என்று தேடுவதுதான் கதை. மனித இயல்பை எது மாற்றும் என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த ஆட்டத்தில் பலத்தைக் கூட்டுகிறவன் ஏமாளி. விவேகமும் அறிவும் உள்ளவனுக்கே நினைவுகள் திரும்புகின்றன. திரும்புகிற நினைவுக்கு அனுபவப் புள்ளி கிடைக்கிறது. பொன்னுக்குக் கிடைத்த புள்ளி இங்கே ஞாபகத்துக்கு. கடைசி எதிரியைப் பேசியே வெல்லலாம். ஆனால் சண்டைமுறை சோனியாக இருந்தது. எழுத்தும் சண்டையும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத சகோதரர்களைப் போலக் குடியிருந்தன.

எதிர்த் தரப்புக்கும் வலுவான சாட்சி உண்டு. 2011இல் ஜப்பானிலிருந்து வந்த 'டார்க் சோல்ஸ்' அதிகம் பேசுவதில்லை. அங்கே அனுபவமும் பணமும் ஒன்றே, அதற்குப் பெயர் ஆன்மா. செத்தால் சேர்த்ததெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும். போய் எடுப்பதற்குள் மறுபடி செத்தால் போனது போனதுதான். இழப்பு என்பதைப் பற்றி அங்கே ஒருவரும் வசனம் பேச வேண்டியதில்லை. சண்டையே எழுத்தாகிவிட்டது. அதிலும் நடுவர் இல்லை. கணக்கை அவ்வளவு கறாராக்கி, அதையே விதியின் குரலாக ஒலிக்கவைத்த சாமர்த்தியம்.

2019இல் எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் தலைமையில் வந்த 'டிஸ்கோ எலிசியம்' சண்டைமுறையை அடியோடு நீக்கியது. பாத்திரத்தாளில் 24 திறமைகள் இருக்கின்றன. வியப்பு என்னவென்றால் அவை வாய்திறந்து பேசுகின்றன. எதைக் கூட்டினோமோ அது நாயகனின் மண்டைக்குள் அதிகம் கத்தும், பொய்யும் சொல்லும். தன்னிலை என்பது ஒருமை இல்லை, குரல்களின் சந்தை என்று கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு பாத்திரத்தாள் செய்துகாட்டிவிட்டது. உடலுறுதியைக் குறைத்துக் கட்டினால், காற்றாடியில் மாட்டிய டையை எடுக்கப்போன இடத்திலேயே நாயகன் செத்துவிழ முடியும். அதைவிட முக்கியம், பகடை தோற்கும் இடங்கள். தோல்விக்கும் எழுத்து உண்டு. தோற்றவனுக்கும் கதை நீள்கிறது. மேசையில் நல்ல நடுவர் செய்தது இதைத்தான்.

6

2023இல் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' மூன்று தரப்பையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தது. உரையாடலில் பொய் சொன்னால் இருபது முகப் பகடை திரையில் கண்முன் உருளுகிறது. கணக்கு ஒளிந்துகொள்ளவில்லை; இது நேர்மையான காரியம். பாளையத்தில் வந்து தங்கும் ஓர் எலும்புருவிடம் 100 பொன் கொடுத்தால், கட்டிய ஆளைக் கலைத்து மறுபடி கட்டலாம். போர்வீரன் மந்திரவாதி ஆகலாம், மூடன் அறிஞன் ஆகலாம். 1999இல் ஓர் ஆட்டம் முழுக்க நாயகனைத் துரத்திய கேள்விக்கு 2023இல் விலை குறிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த 100 பொன்னுக்கு மாறாதது ஒன்று உண்டு: பாத்திரத்தின் பிறப்பினம். பிறப்பு இப்போது எண்களைத் தீர்மானிப்பதில்லைதான். இருந்தாலும் விலைக்கு வராமல் தாளில் மிஞ்சி நிற்பது அதுதான்.

பில்ட் கட்டுகிறவர்களை வெறும் கணக்கப்பிள்ளைகள் என்று எழுத்துத் தரப்பு இளக்காரமாகப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. எந்த எண்ணைக் கூட்டினால் எந்தக் கதவு திறக்கிறது என்று தோண்டித் துருவுகிறவன், கண்ணுக்குத் தெரியாத பட்டியலைப் பின்னோக்கி வாசிக்கிறான். இந்த ஆட்டத்தை எழுதியவர்கள் எதை மனிதத் திறமை என்று மதித்தார்கள், எதை எண்ணாமலே விட்டார்கள் என்பது அந்த வாசிப்பில்தான் அகப்படுகிறது. அகப்பட்ட பின்னும் அதை வெற்றிக்கான உத்தியாக மட்டும் சுருக்கிக்கொள்வதுதான் குறை.

பிரஷ்ய மேசையில் கனிஷ்ட அதிகாரி பட்டியலைக் காட்டி ஜெனரலோடு மல்லுக்கு நின்றிருக்க முடியும். மினசோட்டா மேசையில் நடுவரிடம் கெஞ்சலாம், சண்டை போடலாம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மேல்முறையீடு இல்லாத நீதிமன்றம் அது. அதனால்தான் சண்டை நன்றாக இருந்ததா, எழுத்து நன்றாக இருந்ததா என்ற கேள்விகளுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தத் தாளில் யாரெல்லாம் ஆளாக எழுதப்பட முடியும், யாருக்குக் கட்டம் இல்லை?