பலாலி: சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவில் ஒரு ரன்வே

எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி போன்ல மேப்பைத் திறங்க. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே ஒரு கோடு போடுங்க. சுமார் 355 கிலோமீட்டர் போனதும், கடலுக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடக்குக் கரைக்கு வந்து சேருவீங்க. அங்கே இருப்பதுதான் பலாலி விமான நிலையம்.

இப்போ ஒப்பிட்டுப் பாருங்க. வான்வழித் தூரத்தில் சென்னைக்கு மதுரையைவிட, கோயம்புத்தூரைவிட யாழ்ப்பாணம் பக்கம். பலாலியிலிருந்து கொழும்புக்கும் ஏறக்குறைய இதே தூரம்தான், ஒரு 25 கிலோமீட்டர் குறையும். ரெண்டு பெரிய நகரங்களுக்கு நட்ட நடுவில் இருக்கிற இந்த ஊருக்கு, சென்னையிலிருந்து 41 வருஷம் பயணிகள் விமானம் கிடையாது. ஏன்னு பார்க்கிறதுதான் இந்த எபிசோடு.

போருக்காகப் போட்ட ஓடுதளம்

பலாலியை யாரும் பயணிகளுக்காகக் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும், 1942 ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை மேல் குண்டு விழுந்ததும், பிரிட்டிஷ்காரர்கள் இலங்கை முழுக்க வேகவேகமாக விமானத் தளங்கள் போட்டார்கள். அதில் ஒன்று இது. அவர்கள் பதிவுகளில் இதன் பெயர் காங்கேசன்துறை. வங்காள விரிகுடாவிலும் இந்தியப் பெருங்கடலிலும் நீண்ட தூரம் ரோந்து போகும் லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்து பறந்தன.

இடம் ஏன் இது? குடாநாடே சுண்ணாம்புக்கல் மேல் இருக்கும் சமதரை. மலை இல்லை, காடு இல்லை. பக்கத்திலேயே காங்கேசன்துறைத் துறைமுகம். எஞ்சினியர் கண்ணுக்கு அருமையான இடம். ஆனா அந்தச் சுண்ணாம்புக்கல் மேல் இருக்கிறது வலிகாமத்தின் செம்மண். கிணற்றுத் தண்ணீரில் வெங்காயம், மிளகாய், புகையிலை விளைகிற மண். யாழ்ப்பாணத்தின் நல்ல விவசாய நிலங்களில் ஒன்று. இதை மனசில் வச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவோம்.

மெட்ராஸுக்கு ஒரு டகோட்டா

போர் முடிந்தது. 1947 டிசம்பர் 10-ம் தேதி ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை இயக்கியது. டகோட்டா, அதாவது டிசி-3. எங்கே போச்சு தெரியுமா? கொழும்பு இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து மெட்ராஸ். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க அப்போ இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. புதுசா ஒரு நாடு வரப்போகுது, அதன் முதல் வணிக விமானம் யாழ்ப்பாணம் வழியாக மெட்ராஸுக்குப் பறக்குது. படிச்சப்போ எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது.

அதுக்கு முன்னாடி வழி ரயிலும் கப்பலும்தான். 1914-லிருந்து தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதுவும் 80-களில் நின்றது. விமானம் ஓடிய காலத்தில், காலையில் கிளம்பி மெட்ராஸ் போய்ப் புதுப்படம் பார்த்துவிட்டு, புடவை வாங்கிக்கொண்டு வந்த கதைகளை யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்வதுண்டு. எல்லாரும் போயிருக்க முடியாது, டிக்கெட் வாங்கும் வசதி இருந்தவர்கள் கதை அது. ஆனா அப்படி ஒரு சாத்தியம் இருந்தது.

1978

1978 செப்டம்பர் 7. இலங்கையில் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். அன்றைக்கு பலாலியிலிருந்து இரத்மலானை வந்து நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் நேரக்குண்டு வெடித்து எரிந்தது. பயணிகள் ஏற்கெனவே இறங்கியிருந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை. ஏர் சிலோனும் அந்தக் காலத்தோடு மூடப்பட்டு, 1979-ல் ஏர் லங்கா வந்தது. பலாலி – மெட்ராஸ் சேவை 1978-ஓடு முடிந்தது.

இதுக்கு ஒரே காரணம் குண்டுதான்னு சொல்ல முடியாது. விமான நிறுவனமே நஷ்டத்தில் இருந்தது. ஆனா அதுக்கப்புறம் யாரும் அந்தச் சேவையைத் திரும்பத் தொடங்கும் நிலையில் நாடு இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு உள்நாட்டுப் போர்.

முகாமுக்குள் போன விமான நிலையம்

1987 ஜூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்து இறங்கியது பலாலியில். அக்டோபர் முதல் வாரம், கடலில் பிடிபட்ட 17 விடுதலைப் புலிகளை இதே தளத்தில்தான் வைத்திருந்தார்கள். கொழும்புக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு நடந்தபோது அவர்கள் சயனைடு சாப்பிட்டார்கள். குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் வீரர்களை இறக்கிய ஹெலிகாப்டர்கள் கிளம்பியதும் பலாலியிலிருந்துதான்.

1990-ல் இந்தியப் படை போன பிறகு மறுபடி போர். தரைவழி அடைபட்டால் குடாநாட்டில் இருந்த இலங்கை ராணுவத்துக்கு ரெண்டே வாசல்: பலாலி, காங்கேசன்துறை. அதனால் ரன்வேயைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. விமானங்களே இலக்காகவும் ஆயின. 1995 ஏப்ரல் 28, 29 என்று அடுத்தடுத்த ரெண்டு நாளில், விமானப்படையின் ரெண்டு ஆவ்ரோக்கள் பலாலி அருகே ஏவுகணையால் வீழ்த்தப்பட்டன.

அடுத்தது பொதுமக்கள் விமானம். 1998 செப்டம்பர் 29, லயன் ஏர் 602. பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய அன்டனோவ்-24, சில நிமிஷத்தில் ரேடாரில் காணாமல் போனது. 48 பயணிகள், 7 ஊழியர்கள். பயணிகளில் பெரும்பாலோர் தமிழர்கள். கடலுக்கு அடியில் சிதைவுகள் கிடைத்தது 2012-ல், 14 வருஷம் கழித்து. புலிகள் ஏவுகணை விட்டு வீழ்த்தினார்கள் என்றது விசாரணை. அந்த 14 வருஷமும் 55 குடும்பங்கள் வீட்டில் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருக்கும்? இந்த ஓடுதளத்தைப் பற்றிப் படிச்சதில் என்னால் கடக்க முடியாத இடம் இதுதான்.

மீண்டும் சென்னை

2009-ல் போர் முடிந்து பத்து வருஷம் கழித்து, 2019 அக்டோபர் 17-ல் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் இறங்கியது. பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்தது, அதையும் சிலர் சர்ச்சையாக்கினார்கள். நவம்பரில் வழக்கமான சேவை தொடங்கியது. நாலே மாசம், கோவிட் வந்து நின்றது. திரும்பத் தொடங்கியது 2022 டிசம்பர் 12. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. திருச்சி – பலாலி வெறும் 185 கிலோமீட்டர்.

வர்றது எல்லாம் ஏடிஆர்-72, ப்ரொப்பெல்லர் விமானம். ஏன் பெரிய விமானம் இல்லை? முழு எடையோடு கிளம்ப ஏடிஆருக்குச் சுமார் 1,300 மீட்டர் ரன்வே போதும். ஏர்பஸ் ஏ320-க்கு 2,000 மீட்டருக்கு மேல் வேணும். இப்போது பயணிகள் சேவைக்குத் தயார் செய்திருக்கும் நீளம் சின்ன விமானத்துக்குத்தான் சரி. ஆனாலும் முன்னாடி இருந்த நிலைமையை யோசிங்க. சென்னையிலிருந்து கட்டுநாயக்க போய் இறங்கி, அங்கிருந்து 400 கிலோமீட்டர் ரோடு, ஒரு பகல் முழுக்கப் பயணம். இப்போ ஒன்றேகால் மணி நேரம்.

செம்மண் யாருடையது?

இங்கேதான் அந்தச் செம்மண்ணுக்குத் திரும்பணும். 1990 ஜூனில் பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில நாளில் திரும்பிவிடலாம்னு நினைத்தவர்களில் பலர், 25 வருஷத்துக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வீட்டிலும் வாழ்ந்தார்கள். 2013-ல், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள அரசு அறிவிப்பு வந்தது. நிலத்துக்காரர்கள் ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். 2015-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிலம் விடுவிக்கப்பட்டது. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017 ஜூலை 3-ல் திரும்பக் கிடைத்தது. ஆனா எல்லா நிலமும் திரும்பவில்லை.

இதில் எளிய பதில் எனக்குத் தெரியலை. ரன்வேயை நீட்டினால் பெரிய விமானம் வரும், டிக்கெட் விலை குறையலாம், கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க வர்றது சுலபமாகும். அதுக்கு நிலம் வேணும். அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம் வச்சிருக்கிறவர் இன்னும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். எவ்வளவு நிலம் விமானத்துக்கு, எவ்வளவு ராணுவத்துக்குன்னு பிரிச்சுச் சொன்னாலே பாதிச் சண்டை தீரும்னு நினைக்கிறேன். விமான நிலையத்தின் பெயரில் முகாமும் சேர்ந்து நீள்வதுதான் அந்த மக்களின் பயம்.

யாழ்ப்பாணம் போற திட்டம் இருந்தா கண்டிப்பா இந்த விமானத்தில் போங்க. கூட்டம் வந்தால்தான் சேவை நிலைக்கும். வெளியே வந்து பஸ் ஏறினதும் ரோட்டோரம் செம்மண் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பலாலிக்காரரா இருந்தா, உங்க வீடு எங்கே இருந்ததுன்னு கேளுங்க. அவர் சொல்றது இந்த எபிசோடைவிட நல்லா இருக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.