மாட்டுக் கொட்டகைத் தளம் வழுக்குகிறதா? சரிசெய்யும் வழிகள்

சுத்தம் செய்ய எளிது என்று கொட்டகைத் தளத்தைச் சிமெண்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்துவிடுகிறோம். காய்ந்திருக்கும்போது குறை தெரியாது. சாணமும் கோமியமும் படிந்தால் குளம்புக்கும் தளத்துக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் உண்டாகும். அப்போது உராய்வு குறைந்து கால் பிடிப்பை இழக்கிறது. சினை மாடும் புதிதாகக் கன்று ஈன்ற மாடும் பின்னங்கால் விரிந்து விழுந்தால் இடுப்பு, தொடைப் பகுதியில் அடிபட்டு எழ முடியாமல் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாடு தயங்கித் தயங்கிக் குறுகிய அடி வைத்தாலோ, எழும்போது கால் சறுக்கினாலோ தளத்தைக் கவனியுங்கள். வழுக்கும் தளத்தில் மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதும் குறையும். இதனால் சினைப்பருவ அறிகுறி தெரியாமல், சினை ஊசி போடும் நேரம் தவறிவிடும்.

புதிய தளம் போடும்போது

* மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அரை அங்குல அகலம், ஏறக்குறைய அதே ஆழத்தில், 3 முதல் 4 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போடச் சொல்லுங்கள். ஈரம் கோட்டுக்குள் இறங்கிவிடும். குளம்பின் விளிம்பும் கோட்டில் பிடித்துக்கொள்ளும்.
* வடிகாலை நோக்கி 10 அடிக்கு 2 முதல் 3 அங்குலம் சரிவு போதும். சரிவு அதிகமானால் அதுவே வழுக்கலைக் கூட்டும்.

பழைய தளத்துக்கு

* சிமெண்ட் தளம் அறுக்கும் இயந்திரத்தால் கோடுகள் வெட்டலாம். மாடு நிற்கும் இடத்தில் வரிகள் உள்ள ரப்பர் பாய் விரிக்கலாம். பாயைத் தூக்கி அடிப்பகுதியையும் அடிக்கடி கழுவ வேண்டும்.
* கன்று ஈனும் நாட்களில் மாட்டை மண் தரையிலோ, தடிமனாக வைக்கோல் பரப்பிய இடத்திலோ கட்டுங்கள்.

சொரசொரப்பும் அளவோடு

அதிகச் சொரசொரப்பு குளம்பைத் தேய்த்து நொண்ட வைக்கும். புதிதாக வெட்டிய கோடுகளின் கூர்மையான விளிம்புகளைக் கருங்கல்லால் தேய்த்து மழுக்கிய பிறகே மாடுகளை ஏற்றுங்கள்.

கோடுகளில் சாணம் அடைத்துக்கொண்டால் பழைய வழுக்கல் திரும்பிவிடும். தினமும் கெட்டியான துடைப்பத்தால் கோடுகளைத் தேய்த்துக் கழுவுங்கள். விழுந்த மாடு எழ முடியாவிட்டால் இழுத்துத் தூக்க முயலாமல், அடியில் வைக்கோல் பரப்பி, உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.