படிவத்தில் இல்லாத ஜன்னல்

லண்டனுக்கு வடமேற்கே வாட்ஃபோர்டு என்றொரு நகரம். அங்கே ஒரு பழைய தொழிற்கூடத்தைப் பதினைந்து குடியிருப்புகளாகப் பிரிக்க அதன் உரிமையாளர் விண்ணப்பித்தார். பதினைந்தில் ஏழுக்கு ஜன்னலே கிடையாது. மிகச் சிறியது 16.5 சதுர மீட்டர், நம் கணக்கில் 180 சதுர அடிக்கும் குறைவு. உள்ளூர் கவுன்சில் முடியாது என்றது. விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2019-இல் அதை விசாரித்த அரசின் திட்ட ஆய்வாளர் அனுமதி கொடுத்துவிட்டார். ஜன்னல் இல்லாத வீட்டில் வாழ்வது நல்ல வாழ்க்கையாக இருக்காது என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைக் காரணமாகக் காட்டி மறுக்க விதியில் இடமில்லை என்பதுதான் அவருடைய நிலை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் வந்தது ஒரு பரிச்சய உணர்வு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நாங்கள் செய்யும் படிவங்களில் எந்தக் கட்டத்துக்குச் சரிபார்ப்பு எழுதியிருக்கிறோமோ அதை மட்டும்தான் நிரல் பார்க்கும். எழுதாததைப் பார்க்காது. ஆய்வாளர் செய்தது அதேதான். கேள்வி அவரைப் பற்றியது இல்லை. ஒரு வீட்டுக்கு ஜன்னல் உண்டா என்ற கட்டம் ஒரு நாட்டின் படிவத்திலிருந்து எப்படிக் காணாமல் போனது என்பதுதான்.

அதுவும் இங்கிலாந்தில். ஜன்னலின் அருமையை அடிபட்டுக் கற்றுக்கொண்ட நாடு அது. 1696-இல் அங்கே ஜன்னல் வரி வந்தது. எத்தனை ஜன்னலோ அதற்கேற்ப வரி. வரியைக் குறைக்க ஜனங்கள் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். வாடகைக் கட்டடங்களில் அடைத்தவர் உரிமையாளர், இருட்டில் இருந்தவர் குடித்தனக்காரர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வரி போடுவது நோய்க்கு வழி என்று மருத்துவர்கள் போராடி, 1851-இல்தான் அது ஒழிந்தது. பிறகு 1875-இன் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு ஊரும் தெரு அகலம், வீட்டைச் சுற்றிய திறந்தவெளி, காற்றோட்டம் ஆகியவற்றுக்கு விதிகள் எழுதிக்கொண்டது.

பெரிய மாற்றம் 1947-இல் வந்தது. போர் முடிந்து, குண்டு விழுந்த நகரங்களை மறுபடி கட்ட வேண்டிய காலம். அட்லீயின் தொழிற்கட்சி அரசு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம், ஆனால் அதில் என்ன கட்டலாம் என்ற உரிமை சமூகத்துடையது என்பது அதன் சாரம். அதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினாலும் அது 'மேம்பாடு'தான், அதற்கும் திட்ட அனுமதி வேண்டும். ஆபீஸ் வீடாவதும் அப்படித்தான்.

இது வெறும் சிவப்பு நாடா இல்லை. ஆபீஸ் என்பது பகலில் எட்டு மணி நேரம் ஆள் இருந்துவிட்டுப் போகும் இடம். அதன் தளம் ஆழமானது. நடுவில் இருப்பவர்களுக்குக் குழல்விளக்கும் ஏசியும் போதும். அதே தளத்தைச் சுவர் வைத்துப் பிரித்தால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் ஜன்னல் கிடைக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், குழந்தை எங்கே விளையாடும், பக்கத்தில் இருப்பது லாரி நிற்கும் கிடங்கா என்று ஆபீஸுக்கு யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குக் கேட்டாக வேண்டும். அப்படி ஒருமுறை நின்று கேட்கும் இடம்தான் அனுமதி.

சட்டம் வந்த அதே 1947-இல் லண்டனுக்கு வடக்கே எசெக்ஸில் ஹார்லோ என்ற புது நகரம் அறிவிக்கப்பட்டது. நெரிசலான லண்டனிலிருந்து வரும் குடும்பங்களுக்காக ஃபிரெடெரிக் கிப்பர்டு என்ற கட்டடக் கலைஞர் திட்டமிட்ட ஊர். 1951-இல் அவர் அங்கே 'தி லான்' என்ற பத்து மாடிக் குடியிருப்பைக் கட்டினார். பிரிட்டனின் முதல் உயரமான குடியிருப்புக் கட்டடம் என்று அதைச் சொல்கிறார்கள். அங்கிருந்த ஓக் மரங்களை வெட்டாமல் அவற்றுக்கு நடுவே, ஒவ்வொரு வீட்டுக்கும் தெற்கு வெயில் படும் பால்கனியோடு அமைந்தது. குளிர் நாட்டில் தெற்கு வெயில் என்றால் சும்மாவா?

இனி 2013-க்கு வருவோம். 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு ஆபீஸ் கட்டடங்கள் பல காலியாகக் கிடந்தன. வீட்டுப் பஞ்சமோ தீரவில்லை. காலியாகக் கிடப்பதை வீடாக்கினால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திட்ட அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும், வேலைவாய்ப்புக்கான இடம் போய்விடும் என்று கவுன்சில்கள் மறுக்கும் என்ற புகாரும் பொய்யில்லை. கன்சர்வேட்டிவ் தலைமையிலான கூட்டணி அரசு மே 30 முதல் ஆபீஸை வீடாக்குவதை 'அனுமதிக்கப்பட்ட மேம்பாடு' என்று அறிவித்தது. அதாவது நாடாளுமன்றம் மொத்தமாக அனுமதி கொடுத்தாயிற்று. கவுன்சிலிடம் 'முன் ஒப்புதல்' மட்டும் வாங்கினால் போதும். லண்டனின் நிதி மையம் போன்ற சில பகுதிகளுக்கு விலக்கு. மூன்றாண்டு பரிசோதனை என்று தொடங்கியது 2016-இல் நிரந்தரமானது.

அந்த முன் ஒப்புதலில் கவுன்சில் பார்க்கக்கூடியவை மூன்றே மூன்று: போக்குவரத்து, நிலத்தில் நச்சு மாசு, வெள்ள அபாயம். பிறகு 2016-இல் சுற்றுப்புறச் சத்தம் சேர்ந்தது. அறையின் அளவு பட்டியலில் இல்லை, வெளிச்சமும் இல்லை. கட்டுமான உறுதிக்கும் தீப் பாதுகாப்புக்கும் வேறு விதிகள் உண்டு, அவை இங்கும் பொருந்தும். ஆனால் அவையும் அறைக்கு இவ்வளவு அளவு வேண்டும், ஜன்னல் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. இன்னொன்று, 56 நாளுக்குள் கவுன்சில் பதில் சொல்லாவிட்டால் உரிமையாளர் வேலையைத் தொடங்கிவிடலாம். எங்கள் தொழிலில், பதில் வராத கோரிக்கையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் நிரலை எழுதினால் மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார்.

ஆபீஸ் காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது. ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த இடங்களும் காலி செய்யப்பட்டன. வழக்கமான அனுமதியில் கட்டுநரிடம் கவுன்சில் பேரம் பேசிக் குறைந்த வாடகை வீடுகளுக்குப் பங்கு வாங்கும். இந்த வழியில் அதுவும் போயிற்று.

எண்ணிக்கையில் திட்டம் ஜெயித்தது. 2016-17 ஓராண்டில் மட்டும் ஆபீஸ்களிலிருந்து 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் வந்தன. எப்படிப்பட்ட வீடுகள்? இங்கிலாந்தின் தேசிய இட அளவுகோல் ஒருவர் வாழும் வீட்டுக்குக் குறைந்தது 37 சதுர மீட்டர், சுமார் 400 சதுர அடி என்கிறது. அரசே கேட்டு, லண்டன் பல்கலைக் கல்லூரியின் பென் கிளிஃபோர்டு குழு ஆராய்ந்து, 2020-இல் அறிக்கை வந்தது. ஆராயப்பட்டவற்றில் புது வழியில் வந்த வீடுகளில் 22.1 சதவீதம்தான் அந்த அளவுகோலைத் தொட்டன. முழு அனுமதி பெற்று மாற்றப்பட்டவற்றில் 73.4 சதவீதம்.

இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும். அனுமதி என்பது மந்திரக்கோல் இல்லை, கால்வாசிக்கும் மேல் அங்கேயும் தவறியிருக்கின்றன. ஆனால் கேட்டதற்கும் கேட்காததற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஹார்லோவுக்கே திரும்புவோம். நகர மையத்தில் டெர்மினஸ் ஹவுஸ் என்று ஒரு பதினான்கு மாடி ஆபீஸ் கட்டடம். 2018-இல் அது இருநூறுக்கும் மேற்பட்ட சிறு வீடுகளானது. லண்டன் கவுன்சில்கள் சில, வீடற்ற குடும்பங்களைத் தற்காலிகமாக அங்கே அனுப்பின. ஒரே அறையில் தாயும் குழந்தைகளும், பழகிய பள்ளியும் சொந்தக்காரர்களும் லண்டனில். குற்றமும் பயமும் பற்றிய செய்திகள் வந்தன. லண்டனின் நெரிசலிலிருந்து குடும்பங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கட்டிய ஊர் அது. எழுபது வருஷம் கழித்து அதே லண்டனிலிருந்து குடும்பங்கள் அதே ஊருக்கு வந்தன. தெற்கு வெயில்தான் கூட வரவில்லை.

அப்போ பழைய கட்டடத்தை வீடாக்குவதே தப்பா? இல்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மெர்ச்சன்ட் சிட்டி வணிகர்களின் கிடங்குகள் நிறைந்த பகுதி. 1980-களில் நகர மன்றம் மானியம் கொடுத்துக் கிடங்குகளை வீடுகளாக்க, பாழாகிக்கொண்டிருந்த அந்த இடத்தில் மறுபடி ஆட்கள் வாழத் தொடங்கினார்கள். லண்டனில் தேம்ஸ் கரையின் பட்லர்ஸ் வார்ஃப் கிடங்குகளும் அப்படித்தான். அங்கெல்லாம் அனுமதியும் இருந்தது, மாற்றமும் நடந்தது. ஒரு கட்டடத்தை இடிக்காமல் பயன்படுத்துவது பணத்துக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது.

விமர்சனம் வலுத்த பிறகு இங்கிலாந்து ஒவ்வொரு கட்டமாகத் திரும்பச் சேர்த்தது. 2020 ஆகஸ்டில், வாழும் அறைகளுக்குப் போதிய இயற்கை வெளிச்சம் வேண்டும் என்றது. 2021 ஏப்ரலில் இட அளவுகோலைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்த வழியைக் கடைகளுக்கும் விரித்து, 1,500 சதுர மீட்டர் உச்சவரம்பும், மூன்று மாதம் காலியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தது. 2024 மார்ச்சில் அந்த இரண்டையும் எடுத்துவிட்டது. வெளிச்சமும் அளவும் மட்டும் படிவத்தில் நின்றுவிட்டன.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று. மென்பொருளில் பிழை திருத்தினால் மறுநாள் எல்லார் போனிலும் புதிய பதிப்பு போய்ச் சேரும். கட்டடத்துக்கு அப்படி இல்லை. திருத்திய விதி புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான். 2013-க்கும் 2021-க்கும் நடுவில், யாரும் கேட்காத காலத்தில் எழுப்பிய சுவர்களுக்கு அது பொருந்தாது. அந்த எட்டு வருஷத்து அறைகளில் யாரோ இப்போதும் சோறு சமைக்கிறார்கள், துணி உலர்த்துகிறார்கள், குழந்தையை வீட்டுப்பாடம் எழுத உட்காரவைக்கிறார்கள்.